கோழி கொடுத்தார்கள், கொல்லை எங்கே?

"கோழி வளர்த்துப் பிழைத்துக்கொள்" என்று ஏழைக்குச் சொல்வது சுலபம். சர்க்கார் சொல்கிறது. பாங்கிக்காரர் சொல்கிறார். வேலை கேட்டுப் போனால் வட்டார அதிகாரியும் அதையே சொல்கிறார். இதைக் கேட்டுத் தோழர்களில் பலர் சிரிக்கிறார்கள். "கூலி உயர்வு கேட்டுப் போன இடத்தில் கோழியைக் காட்டுகிறார்களே!" என்கிறார்கள்.

இந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாதி நியாயம்தான் இருக்கிறது. கோழியைக் காட்டிக் கூலியை மறைப்பவனைப் பார்த்துச் சிரிக்கலாம். கோழியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஏனென்றால் திருவண்ணாமலை ஜில்லாவில் செங்கத்திலிருந்து வந்தவாசி வரை, விவசாயத் தொழிலாளி குடும்பத்தில் கடன்காரனுக்குத் தெரியாத சொத்து ஒன்று உண்டென்றால், அது குடிசைக்குப் பின்னால் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும் அந்த நாலு கோழிதான்.

நிலம் அவனுக்கு இல்லை. மாடு வாங்கினால் தீனிக்கு வைக்கோல் வேண்டும். வைக்கோல் நிலக்காரனிடம் இருக்கிறது. ஆட்டை மேய்க்கத் தரிசு வேண்டும். தரிசுக்கு வேலி வந்துவிட்டது. கோழி ஒன்றுதான் யாரையும் கேட்காமல், களத்தில் சிந்திய நெல்லையும், குப்பையில் நெளியும் புழுவையும், கழுவிக் கொட்டிய சோற்றுப் பருக்கையையும் தின்று முட்டையாக்கித் தருகிறது. மற்றவர்கள் வேண்டாமென்று விட்டதை உணவாக்கித் தரும் ஜீவன் அது. ஆரணியிலும் களம்பூரிலும் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் தொழிலாளி நொய்யும் தவிடும் மடியில் கட்டிக்கொண்டு வந்தால், அதுவும் முட்டையாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூலிப் பணம் ஆணின் கைக்கு வந்து, அங்கிருந்து எங்கெங்கோ போகிறது. கோழிப் பணம் பெண்ணின் கைப் பணம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு நோட்டு, காய்ச்சலுக்கு மாத்திரை, அவசரத்துக்குப் பஸ் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பணத்திலிருந்துதான் வருகின்றன. ஆகவே இது சில்லறை விஷயமல்ல.

அப்படியானால் கேள்வி வேறு. கோழி வளர்க்கலாமா என்பதல்ல கேள்வி. நம் வீட்டுக் கோழி ஏன் பெருகவில்லை? பொரிக்கும் குஞ்சில் பாதிக்கு மேல் எங்கே போகிறது? அதைத்தான் பார்க்க வேண்டும்.

அடை வைப்பது அறிவு வேலை

நாட்டுக் கோழி ஒரு பருவத்துக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை இடும். பிறகு அடைக்கு உட்காரும். ஆண்டில் மூன்று நான்கு தடவை முட்டைக்கு வரும். முட்டை பொரிய 21 நாள். இந்த 21 நாளும் தாய்க்கோழி தன் உடம்பின் சூட்டை முட்டைக்குக் கொடுக்கிறது, முட்டையைப் புரட்டுகிறது, நாளுக்கு ஒரு தடவை மட்டும் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஓடி வருகிறது. பெரிய பண்ணையில் மின்சாரப் பொறி 37.5 டிகிரி சூட்டை வைத்துக்கொண்டு, மணிக்கு மணி முட்டையைத் திருப்பிச் செய்கிற வேலை இது.

இதை நம் வீட்டுப் பெண்கள் எழுத்தறியாமலே சரியாகச் செய்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்பதை இங்கே எழுதுவது அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக அல்ல. இளைய தலைமுறை மறந்துகொண்டிருக்கிறது என்பதற்காக.

அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கோடையில் நாலைந்து நாளே அதிகம். முட்டையைச் சட்டியில் மணல் பரப்பி, மணலில் தண்ணீர் தெளித்து, மேலே ஈரச் சாக்குப் போட்டு, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்க வேண்டும். கூரான முனை கீழே இருக்க வேண்டும். மிகப் பெரியது, மிகச் சிறியது, கீறல் விழுந்தது மூன்றையும் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம், அடைக்கு ஆகாது. ஒரு கோழியின் இறக்கைக்குள் அடங்குவது பத்துப் பன்னிரண்டு முட்டைதான். பேராசைப்பட்டு இருபது வைத்தால் ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து, பத்தும் கெட்டுப்போகும்.

ஏழாம் நாள் இரவு, இருட்டில் டார்ச் விளக்கின் முன் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், உள்ளே சிலந்திபோல் சிவப்பு நரம்பு தெரியும். தெரியாதது கூமுட்டை, எடுத்துவிட வேண்டும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடக் கூடாது. குஞ்சு வெளிவந்த முதல் நாள் தீனிக்கு அவசரமில்லை; வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு ஒரு நாளுக்கு மேல் தாங்கும். அதற்குப் பிறகு உடைத்த கம்பு, கேழ்வரகு, நொய் கொடுக்கலாம். பழைய பானையில் சாணம், கந்தல் சாக்கு, காய்ந்த ஓலை அடைத்து, தண்ணீர் தெளித்து, மாலையில் தரையில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுக்கு அதைவிடச் சத்தான தீனியைக் கடையில் வாங்க முடியாது.

இந்த அறிவு உலகமெங்கும் உழைப்பவனுடைய சொத்து. எகிப்து நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே மண்ணால் அடுப்புக் கட்டி, ஒரே நேரத்தில் ஆயிரக் கணக்கில் முட்டை பொரிக்க வைத்தார்கள். சூடு அளக்க அவர்களிடம் கருவி இல்லை. முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துப் பார்த்துச் சூடு சொல்லும் தொழிலாளிகள் இருந்தார்கள். தகப்பன் மகனுக்குக் கற்றுக்கொடுத்த வித்தை அது. விஞ்ஞானம் வானத்திலிருந்து குதிக்கவில்லை; இப்படிப்பட்ட கைகளிலிருந்துதான் வந்தது.

குஞ்சை யார் கொண்டுபோகிறார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது அளந்தெடுத்த புள்ளிவிவரமல்ல; எந்தக் குடும்பமும் தன் விரலை மடக்கிப் போட்டுப் பார்க்கக் கூடிய கணக்கு. ஒரு கோழியை ஆண்டுக்கு இரண்டு தடவை, தடவைக்கு 12 முட்டை அடை வைக்கிறோம். தடவைக்கு 9 பொரித்தால் 18 குஞ்சு. பருந்தும் காக்கையும் கீரியும் பூனையும் ஆறேழைக் கொண்டுபோனாலும் பதினொன்று மிஞ்ச வேண்டும். மூன்று கோழி வைத்திருக்கும் வீட்டில் ஆண்டு முடிவில் முப்பத்து மூன்று நிற்க வேண்டும். நிற்கிறதா? நிற்கவில்லை. ஏன்?

பருந்து ஒன்றிரண்டாகக் கொண்டுபோகிறது. வெள்ளைக் கழிச்சல் ஒரே வாரத்தில் தெருவையே காலி செய்துவிடுகிறது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், தொங்கும் இறக்கை, திருகிக்கொள்ளும் கழுத்து, வாயைத் திறந்து மூச்சுவாங்கல். அவ்வளவுதான். நோய் வந்த பிறகு மருந்து கிடையாது. பூசாரியைக் கூப்பிட்டாலும் டாக்டரைக் கூப்பிட்டாலும் முடிவு ஒன்றே.

இந்த நோய்க்கு 'ராணிக்கெட்' என்று பெயர். 1926ல் இங்கிலாந்தில் நியூகாசில் பகுதியிலும் ஜாவாத் தீவிலும் இது அடையாளம் காணப்பட்டது. அதை ஒட்டிய ஆண்டுகளில் நம் நாட்டில் குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் கண்டறிந்தார்கள். ஊர்ப் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. அதே மலைப் பகுதியில் முக்தேசுவரத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகள் 1940களில் இதற்குத் தடுப்பூசி கண்டார்கள். அதாவது, இந்த நோயைத் தடுக்கும் வழி மனிதனுக்குத் தெரிந்து எண்பது ஆண்டு ஆகிறது! எண்பது ஆண்டாகத் தெரிந்த மருந்து நம் சேரிக்கும் காலனிக்கும் வந்து சேரவில்லையென்றால், குற்றம் கோழியுடையதா, அதை வளர்க்கும் பெண்ணுடையதா?

தொலைவும் காரணமல்ல. கால்நடைத் தடுப்பு மருந்து செய்யும் சர்க்கார் நிலையம் 1932 முதல் ராணிப்பேட்டையில் இருக்கிறது. 1989ல் ஜில்லாவைப் பிரிக்கும் வரை ராணிப்பேட்டையும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு ஜில்லாதான். ஆரணியில் ஏறினால் பஸ்ஸில் சில மணி நேரத்தில் போய்விடலாம். கையெட்டும் தூரத்தில் மருந்து. கண்ணெதிரே சாகும் கோழி!

குப்பியில் இருக்கும் பாடம்

இடையில் என்ன தடை? இங்கேதான் தோழர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இந்தத் தடுப்பு மருந்து குப்பியில் வருகிறது. ஒரு குப்பியில் பெரும்பாலும் நூறு கோழிக்கான மருந்து இருக்கும். அதற்கு மேலும் இருப்பதுண்டு. மருந்து தூளாக இருக்கும். அதற்கான நீரில் கலக்க வேண்டும். கலந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். வெயில் பட்டால் மருந்து செத்துவிடும். ஊசி போட்டும் பயன் இருக்காது.

இப்போது யோசியுங்கள். ஐந்து கோழி வைத்திருக்கும் ஒரு தாய், வேலையை விட்டு, அன்றைய கூலியை இழந்து, கோழிகளைக் கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போகிறாள். ஐந்து கோழிக்காக நூறு கோழி மருந்தைக் கலக்க மருந்தகத்தில் தயங்குகிறார்கள். "ஆள் சேரட்டும்" என்கிறார்கள். அவள் திரும்பி வருகிறாள். அடுத்த தடவை போக மாட்டாள். பத்தாயிரம் கோழி வைத்திருக்கும் பண்ணைக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை; அவருக்குக் குப்பியே சிறியது.

ஆகவே தனியாக நிற்கும் ஏழைக்கு இந்த மருந்து இல்லை. இருபது குடிசை சேர்ந்து நின்றால் அதே மருந்து உண்டு! தெருவில் இருபது வீடு, வீட்டுக்கு ஐந்து கோழி. நூறு கோழி ஆகிவிட்டது. ஒரு குப்பி சரியாகிவிட்டது. ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவைத்து, கோழி கூண்டிலிருந்து இறங்கும் முன், விடியற்காலையில் போட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஒற்றுமை என்றால் என்ன என்று மேடையில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, இந்தக் குப்பி நன்றாகப் பேசுகிறது.

இதில் இன்னொரு உண்மையும் உண்டு. என் கோழிக்கு ஊசி போட்டேன், பக்கத்து வீட்டுக்காரன் போடவில்லை என்றால், அவன் வீட்டில் நோய் தங்கி என் வீட்டில் அடுத்து பொரிக்கும் குஞ்சுக்கு வரும். நோய்க்கு வேலியும் தெரியாது, ஜாதியும் தெரியாது. ஊர்த் தெருவுக்குப் போட்டுவிட்டுக் காலனியை விட்டால் ஊர்த் தெருக் கோழியும் பிழைக்காது.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் இரண்டு வாரம் கால்நடைத் துறை கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஊசி இலவசம். எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு இறக்கையில் ஊசி. சின்னக் குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து. முகாம் நல்ல ஏற்பாடு. அதை மறுப்பவர்களல்ல நாம். கோடைக்கு முன் போடுவதும் சரி. கோடையில்தான் நோய் கொள்ளை கொள்ளையாக வருகிறது. ஆனால் முகாம் எங்கே நடக்கிறது, எத்தனை மணிக்கு நடக்கிறது என்பதைக் கேளுங்கள். காலை பத்து மணிக்கு நடந்தால் தொழிலாளி வீட்டில் ஆளும் இருக்காது, கோழியும் கையில் சிக்காது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களுக்கு ஐஸ் பெட்டி போய்ச் சேர்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முகாம் போதாது. மே மாதத்தில் பொரித்த குஞ்சு அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்குமா?

கொடுத்த கோழி, பொரிக்காத கோழி

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2018ல் தமிழ்நாடு சர்க்கார் 77,000 கிராமப்புற ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு 50 கோழிக் குஞ்சு கொடுக்கும் திட்டம் அறிவித்தது. பிற்பாடு நாலு வார வயதுள்ள 40 குஞ்சைப் பாதி மானியத்தில் கொடுக்கும் திட்டமும் வந்தது. கைவிடப்பட்ட பெண்களுக்கும் கணவனை இழந்தவர்களுக்கும் முன்னுரிமை என்றார்கள். வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் 77,000 என்பதை மாநிலத்தில் அப்போதிருந்த 385 ஒன்றியங்களுக்குப் பங்கு போட்டுப் பாருங்கள். ஒன்றியத்துக்கு 200 பேர். ஒரு ஒன்றியத்தில் கூலிக்குப் போகும் பெண்கள் எத்தனை ஆயிரம்! யாருக்குக் கிடைக்கும் என்பதைப் பட்டியல் எழுதும் கை தீர்மானிக்கிறது. பாதி மானியம் என்றால் மீதிப் பாதியை முதலில் கட்ட வேண்டும். கையில் பணம் இல்லாதவளுக்கு அந்தக் கதவு அங்கேயே சாத்திவிடுகிறது. ஏழைக்கென்று போட்ட பந்தியில், இலைக்குப் பணம் கட்டியவன் உட்காருகிறான்.

மற்றொரு விஷயம், எந்தக் கோழி என்பது. அதிக முட்டைக்கென்று பெருக்கிய கோழிக்கு அடை உட்காரும் குணம் குறைந்துபோகும். அடை உட்காரும் நாளில் கோழி முட்டையிடாதல்லவா? ஆகவே அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். வெள்ளை லெகார்ன் ஆண்டுக்கு முந்நூறு முட்டையிடும், குஞ்சு பொரிக்காது. ஹைதராபாத்தில் உருவாக்கிய வனராஜா போன்ற இனம் கொல்லையில் நன்றாக வளரும், நாட்டுக் கோழியைவிட நிறைய முட்டையும் இடும்; ஆனால் அடைக்கு உட்காருவது அரிது. அப்படியானால் அது செத்ததும் மறுபடி குஞ்சுக்குப் பொரிப்பகத்தில்தான் போய் நிற்க வேண்டும். விதை நெல்லைப் பறிகொடுத்து ஆண்டுதோறும் கம்பெனி விதை வாங்கும் விவசாயியின் கதைதான் இதுவும்.

புதிய இனம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முட்டைக்கு அது, பெருக்கத்துக்கு இது என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். அந்த முட்டையை நாட்டுக் கோழியின் அடியில் வைத்தால் அது தன் முட்டை என்றே பொரித்துக் கொடுக்கும்! ஆனால் அடை உட்காரும் தாயைக் கடனுக்கும் விருந்துக்கும் அறுத்துவிட்டு, இலவசக் குஞ்சுக்குக் காத்திருப்பது ஆகாது. தாய்க்கோழி நம் ஆலை. ஆலையை விற்றுவிட்டு எங்கே வேலை தேடுவது?

புறக்கடை யாருக்கு இருக்கிறது?

இப்போது அடிப்படைக் கேள்விக்கு வருவோம். திட்டத்தின் பெயர் 'புறக்கடைக் கோழி வளர்ப்பு'. புறக்கடை என்றால் வீட்டின் பின்பக்கம், கொல்லை. விவசாயத் தொழிலாளிக்குக் கொல்லை எங்கே இருக்கிறது?

இரண்டு மூன்று சென்ட் மனை. மூன்று சென்ட் என்றால் 1,300 சதுர அடிச் சொச்சம். அதில் வீடு, அடுப்படி, குளிக்க மறைப்பு, மகன் கல்யாணமானால் இன்னொரு தாழ்வாரம். மிச்சத்தில் ஐம்பது கோழியை எங்கே விடுவது? பக்கத்து வயலில் இறங்கினால் நிலக்காரன் கல்லெறிகிறான். சில இடத்தில் விஷம் வைக்கிறான். "உன் கோழி என் நாற்றைக் கிளறியது" என்று ஆரம்பித்த சண்டை அடிதடியில் முடிந்து, கடைசியில் கோழிக்காரன்தான் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறான்.

அந்த மூன்று சென்டுக்கும் பட்டா உண்டா? நிலக்காரர் இடத்தில் குடிசை போட்டிருந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அந்தக் குடியிருப்பைச் சொந்தமாக்க 1971லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், ஏரிக்கரையிலும் ரோட்டோரப் புறம்போக்கிலும் பட்டா இல்லாமல் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். நாளை இருப்போமா என்று தெரியாத இடத்தில் எவள் கூண்டு கட்டுவாள்? எவள் வேலி போடுவாள்? கோழிக் கூண்டின் முதல் கால் பட்டாவில்தான் ஊன்றப்படுகிறது.

எடைக் கல் எங்கே?

வளர்த்தாகிவிட்டது என்று வையுங்கள். விற்கும்போது என்ன நடக்கிறது? மொபெட்டில் கூடை கட்டிக்கொண்டு வியாபாரி வருகிறான். கோழியைக் கையில் தூக்கிப் பார்த்து ஒரு விலை சொல்கிறான். தராசு கிடையாது. அதே கோழி திருவண்ணாமலை டவுனில் கிராம் கணக்கில் எடை போட்டு விற்கப்படுகிறது. வாங்கும்போது கை மதிப்பு, விற்கும்போது தராசு! நடுவில் எவ்வளவு போயிற்று என்று வளர்த்தவளுக்குத் தெரியாது. வாரக் கடன் தவணைக்கு ஆள் வாசலில் நிற்கும் நாளாகப் பார்த்து வியாபாரியும் வந்தால், சொன்ன விலைதான் விலை.

கறிக்கோழிக் கம்பெனிக்கு வளர்த்துக் கொடுப்பவர் நிலை இதைவிட மேல் என்று யாரும் மயங்க வேண்டாம். குஞ்சு கம்பெனியுடையது, தீனி கம்பெனியுடையது, வளர்ந்த கோழியும் கம்பெனியுடையது. கொட்டகைக் கடனும், மின்சாரக் கட்டணமும், உழைப்பும் மட்டும் வளர்ப்பவருடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சொந்தக் கொட்டகையில் நிற்கும் கூலித் தொழிலாளி அவர்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோழி கூலிக்குப் பதிலாகாது. மூன்று கோழி குடும்பத்தைக் காப்பாற்றாது. "கோழி கொடுத்தோமே, கூலி எதற்கு?" என்பவனுக்கு ஒரே பதில்: கோழியும் வேண்டும், கூலியும் வேண்டும். முட்டையைக் குழந்தை தின்ன வேண்டுமென்றால் அரிசி வாங்கக் கூலி இருக்க வேண்டும். இல்லையேல் முட்டையும் விற்று அரிசியாகிவிடும்.

ஆனால் கூலிப் போராட்டம் நடக்கும் வரை கோழி சாகட்டும் என்பதும் சரியல்ல. இன்றே செய்யக் கூடியவை இருக்கின்றன.

ஒன்று, தெருவுக்குத் தெரு பெண்கள் கூடி, வீட்டுக்கு எத்தனை கோழி என்று எழுதிக் கணக்கு எடுக்க வேண்டும். நூறு ஆனதும் கையெழுத்திட்டு மருந்தகத்தில் கொடுத்து, காலை ஆறு மணிக்குத் தெருவிலேயே ஊசி போட நாள் கேட்க வேண்டும். பிப்ரவரியில் மட்டுமல்ல, ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை.

இரண்டு, செத்த கோழியை ஏரியில் எறியாமல், விற்காமல், சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும். நோய் கண்ட தெருவிலிருந்து கோழி வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

மூன்று, தெருவில் நாலைந்து வீட்டில் ஒரே சமயத்தில் அடை வைக்க வேண்டும். ஒரு கோழியின் அடியில் நாலே குஞ்சு பொரித்தால், இரவோடு இரவாக அதை இன்னொரு தாயிடம் சேர்த்துவிடலாம். சேவலை ஆண்டுக்கு ஒரு தடவை அடுத்த ஊருடன் மாற்றிக்கொண்டால் வம்சம் மெலியாது.

நான்கு, சங்கத்தின் பெயரில் தெருவுக்கு ஒரு தராசு வாங்க வேண்டும். எடை போடாமல் கோழி கொடுப்பதில்லை என்று எல்லோரும் தீர்மானிக்க வேண்டும். ஒரு வீடு மட்டும் சொன்னால் வியாபாரி அடுத்த வீட்டுக்குப் போவான். எல்லா வீடும் சொன்னால் எங்கே போவான்?

ஐந்து, சர்க்காரிடம் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். குடியிருக்கும் மனைக்குப் பட்டா. கோழித் திட்டத்தில் கூலிப் பெண்களுக்கு முன்பணமில்லாமல் இடம். பயனாளிப் பட்டியலைக் கிராம சபையில் படிப்பது. மலைக் கிராமம் வரை ஐஸ் பெட்டியுடன் மருந்து. இவை சலுகை அல்ல, நியாயமான கோரிக்கைகள்.

"கோழி மிதித்துக் குஞ்சு சாகாது" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். குஞ்சு சாவது தாயின் காலில் மிதிபட்டு அல்ல. கலக்காத குப்பியாலும், கிடைக்காத பட்டாவாலும், தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும் நம் தெருக்களாலும்தான் சாகிறது. இந்த மூன்றில் கடைசியை மாற்ற யாருடைய உத்தரவும் தேவையில்லை. அதை மாற்றிவிட்டால் மற்ற இரண்டையும் கேட்டு வாங்கும் பலம் தானே வரும். வருகிற பிப்ரவரி முகாமுக்கு முன் உங்கள் தெருவில் கணக்கெடுத்துவிடுங்கள்.